சேணம் இறக்கிய பின்: நெடுந்தொலைவுக் குதிரையோட்டமும் நம் குதிரை மரபும்

அண்ணல் நபி (ஸல்) அவர்களுடன் பயணம் செய்த தோழர்களின் வழக்கம் ஒன்றை அனஸ் (ரலி) அவர்கள் நினைவுகூர்ந்துள்ளார்கள். இமாம் அபூதாவூத் (ரஹ்) அவர்களின் சுனனில் அது பதிவாகியிருக்கிறது. பயணத்தில் ஓரிடத்தில் இறங்கித் தங்க நேர்ந்தால், வாகனப் பிராணிகளின் முதுகிலிருந்து சேணங்களையும் சுமைகளையும் அவிழ்த்து இறக்கும்வரை அவர்கள் நஃபில் தொழுகையில் ஈடுபடமாட்டார்கள் என்பதே அச்செய்தி. இறைவனை நாடி நிற்பதற்கு முன்னர், தம்மைச் சுமந்து வந்த பிராணியின் முதுகு ஆறவேண்டும் என்று அவர்கள் கருதினார்கள்.

நம் மதரஸாக்களில் ஓதப்படும் ஹிதாயாவில், இஜாரா என்னும் வாடகைப் பாடத்தில், இதே முதுகைப் பற்றிய சட்டங்கள் வருகின்றன. இமாம் மர்ஃகீனானி (ரஹ்) (மறைவு ஹி. 593/கி.பி. 1197) அங்கே ஒரு கழுதையின் சேணத்தை எடுத்துக்கொண்டு பேசுகிறார். வாடகைக்கு எடுத்தவர் அதன் சேணத்தைக் கழற்றிவிட்டு, அத்தகைய கழுதைக்கு வழக்கமாக இடப்படும் வேறொரு சேணத்தை இட்டால் அவர்மீது பொறுப்பில்லை. அதற்கு ஒவ்வாத சுமைச்சேணத்தை இட்டு அதனால் பிராணி கெட்டால் ஈடு கொடுக்க வேண்டும். கடிவாளத்தை வலிந்து இழுத்ததனாலோ அடித்ததனாலோ பிராணி மடிந்தால், இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடத்தில் இழுத்தவர் ஈட்டுக்குப் பொறுப்பாளி. வழக்கமான அளவில் செய்ததாயின் பொறுப்பில்லை என்பது அவர்களின் மாணவர்கள் இருவரின் கருத்து. “பேருந்தும் ரயிலும் ஓடும் காலத்தில் கழுதைச் சேணத்தின் சட்டம் எதற்கு ஹஜ்ரத்?” என்று ஒரு மாணவர் வகுப்பில் கேட்டதுண்டு. அன்று நாம் முறையான விடை எதுவும் கூறாமல் பாடத்தை விரைந்து கடந்துவிட்டோம்.

சில ஆண்டுகளுக்குப் பின், வளைகுடா நாடொன்றில் குதிரை லாயத்தில் பணிபுரியும் நம் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் நம்மைக் காண வந்தார். நூறு கிலோமீட்டருக்கும் மேலாகக் குதிரைகள் ஓடும் போட்டிகளைப் பற்றியும், இடையிடையே அவற்றைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு நிறுத்துவதைப் பற்றியும் நெடுநேரம் கூறினார். “ஹஜ்ரத், சேணத்தை இறக்கிய பிறகுதான் குதிரையின் கதை தெரியும்” என்று அவர் சொன்னபோது, நாம் கடந்து சென்ற பாடம் நம் முன்னே மீண்டும் வந்து நின்றது. அந்தச் சோதனை நிலையின் வரலாற்றையும், அதனோடு நம் மரபுக்குள்ள உறவையும், அம்மரபுக்கு நாம் எவ்வளவு உண்மையாய் இருந்தோம் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓட்டமும் சோதனையும்

எண்டியூரன்ஸ் என்று உலகெங்கும் அழைக்கப்படும் இந்த நெடுந்தொலைவு ஓட்டம், பந்தயத்திடலில் ஓரிரு நிமிடங்களில் முடியும் ஓட்டத்தினின்றும் முற்றிலும் வேறுபட்டது. அஞ்சல் ஓட்டத்தினின்றும் அது வேறுபட்டது. மம்லூக் சுல்தான் பைபர்ஸின் பரீத் அஞ்சல் கெய்ரோவிலிருந்து திமிஷ்கை நான்கு நாட்களில் எட்டியது என்பர். அங்கே நிலையத்துக்கு நிலையம் குதிரை மாற்றப்பட்டது. இங்கோ தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே குதிரைதான். 80 முதல் 160 கிலோமீட்டர்வரை உள்ள பாதையைப் பல சுற்றுகளாகப் பிரித்திருப்பர். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மருத்துவச் சோதனையும் கட்டாய ஓய்வும் உண்டு. மருத்துவர் தகுதியில்லை என்று கூறிவிட்டால், முன்னணியில் வந்த குதிரையாயினும் அதன் ஓட்டம் அங்கேயே முடிந்தது.

சோதனை நிலையில் சேணத்தையும் கடிவாளத்தையும் கையாளும் முறையே தனிக் கலை. தேர்ந்த வீரர் நிலையத்தை நெருங்கும்போதே வேகத்தைக் குறைப்பார். பலர் இறங்கிக் குதிரையுடன் நடந்தே உள்ளே வருவர். வயிற்று வாரைத் தளர்த்தி, சேணத்தை இறக்கி, வியர்வையில் நனைந்த விரிப்பை அகற்றுவர். வாயில் இருக்கும் இரும்பைக் கழற்றித் தலைக்கயிற்றை மட்டும் இடுவதால், குதிரை தடையின்றி நீர் அருந்தவும் புல் மேயவும் இயலும். பெரிய இரத்தக் குழாய்கள் தோலை ஒட்டி ஓடும் கழுத்திலும் தொடைகளின் உட்புறத்திலும் நீரை ஊற்றி உடற்சூட்டைத் தணிப்பர். குளிர்ந்த காற்று வீசும் இடமாயின் இடுப்புத் தசைகள் இறுகிவிடாதிருக்கப் போர்வை இடுவர். மீண்டும் சேணம் இடுமுன் விரிப்பையும் வாரையும் கையால் தடவிப் பார்ப்பர். அங்கே ஒட்டியிருக்கும் ஒரு முள்ளோ சிறு மணற்கட்டியோ அடுத்த 30 கிலோமீட்டரில் புண்ணாகிவிடும்.

பின்னர் மருத்துவரின் கை வேலை செய்யும். ஓய்விலிருக்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 முறை துடிக்கும். கடும் ஓட்டத்துக்குப் பின் குறித்த நிமிடங்களுக்குள் அது 64க்குக் குறையவேண்டும் என்பது பன்னாட்டு விதி. குறையாவிட்டால், உடற்சூடோ நீரிழப்போ வலியோ உள்ளே இருக்கிறது என்று பொருள். தோளின் தோலைக் கிள்ளிவிட்டு அது எவ்வளவு விரைவில் படிகிறது என்று பார்ப்பர். ஈறை விரலால் அழுத்தி இரத்தம் திரும்பும் நேரத்தைக் கணிப்பர். வயிற்றின் இருபுறமும் செவிமடுத்துக் குடலின் ஓசையைக் கேட்பர். முதுகையும் தோள்மேட்டையும் விரல்களால் அழுத்திச் சேணம் புண்படுத்தியுள்ளதா என்றும், வாரின் தடத்தில் தோல் உரிந்துள்ளதா என்றும், வாயின் ஓரங்களில் கடிவாளக் காயம் உள்ளதா என்றும் ஆராய்வர். இறுதியில் குதிரையைக் கையில் பிடித்தபடி சிற்றோட்டமாக ஓட்டிக்காட்ட வேண்டும். அப்போது கயிறு தளர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. நொண்டும் குதிரை தலையை அசைத்துத் தன் வலியைக் காட்டும். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் அந்தத் தலையசைவு மறைந்துபோகும். இறுகிய கயிறு ஒரு பொய்ச்சாட்சி என்றே கூறலாம்.

இறந்த குதிரைகள் கற்பித்த பாடம்

இத்தகைய சோதனை ஒரு நாளில் தோன்றிவிடவில்லை. 1892 அக்டோபரில் ஆஸ்திரிய, ஜெர்மானிய இராணுவ அதிகாரிகள் வியன்னாவுக்கும் பெர்லினுக்கும் இடையே ஏறத்தாழ 580 கிலோமீட்டர் தொலைவுக்கு ஒரு போட்டி நடத்தினர். ஆஸ்திரியர் பெர்லினை நோக்கியும் ஜெர்மானியர் வியன்னாவை நோக்கியும் புறப்பட்டனர். ஆஸ்திரியக் கோமான் ஸ்டார்ஹெம்பெர்க் 71 மணி 26 நிமிடங்களில் பெர்லினை அடைந்து வென்றார். அவரைச் சுமந்த குதிரை இறந்தது. இருபதுக்கும் மேற்பட்ட குதிரைகள் அப்போட்டியில் மாண்டன. குதிரை இறந்த பின்னரும் வெற்றி வெற்றியாகவே எண்ணப்பட்டது. ஐரோப்பாவில் எழுந்த கண்டனங்களுக்கு அதுவே முதற்காரணம்.

1919 முதல் அமெரிக்காவில் குதிரைப்படையின் தேவைக்காக ஐந்து நாட்களில் 300 மைல் ஓடும் சோதனைகள் நடந்தன. அவற்றில் வேகத்தோடு குதிரையின் உடல்நிலைக்கும் மதிப்பெண் வழங்கப்பட்டது. முதல் ஆண்டிலேயே ரம்லா என்னும் அரபுப் பெண்குதிரை வென்றது. 1955இல் வெண்டெல் ரோபி என்பவர் தோழர்கள் சிலருடன் கலிஃபோர்னியாவின் தாஹோ ஏரிப் பகதியிலிருந்து ஆபர்ன் நகர்வரை 100 மைல் மலைப்பாதையை ஒரே நாளில் கடந்தார். அவர் ஏறிச் சென்றதும் ஓர் அரபுக் குதிரையே. டெவிஸ் கோப்பை என்று பெயர் பெற்ற இந்த ஓட்டமே இன்றைய எண்டியூரன்ஸ் போட்டிகளின் தாய். 1964 முதல், முதலில் வந்த பத்துக் குதிரைகளுள் மிகச் சிறந்த உடல்நிலையில் இருப்பதற்கு ஹாகின் கோப்பை என்னும் தனிப் பரிசு வழங்கப்படுகிறது. 1972இல் அமெரிக்க எண்டியூரன்ஸ் சங்கம் தோன்றியது. ஓட்டத்தை நலமாக நிறைவு செய்வதே வெற்றி என்பதை அது தன் கொள்கையாக்கிக்கொண்டது. 1986இல் ரோமில் முதல் உலகப் போட்டி நடைபெற்றது. வியன்னா சாலையில் வீழ்ந்த குதிரைகளுக்கும் ஹாகின் கோப்பைக்கும் இடையே எழுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன.

நம் மரபில் குதிரையின் உரிமை

எழுபது ஆண்டுகளில் கற்ற இப்பாடத்தின் வேர்கள் நம் நூல்களில் எவ்வளவு தெளிவாக உள்ளன என்பதைக் காணும்போது வியப்பு மேலிடுகிறது. நபி (ஸல்) அவர்கள் நடத்திய குதிரையோட்டத்தைப் பற்றி இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அவர்களும் அதில் கலந்துகொண்டவர்கள். பயிற்சி பெற்று மெலிவிக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதாவரை ஐந்து அல்லது ஆறு மைல். அவ்வாறு பயிற்றப்படாதவற்றுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவரை ஒரு மைல் மட்டுமே. தள்மீர் எனப்படும் அப்பயிற்சியில், முதலில் குதிரைக்கு நன்கு தீனியிட்டுக் கொழுக்க வைத்து, பின் தீனியைப் படிப்படியாகக் குறைத்து, போர்வையிட்டு வியர்க்கச் செய்து, தசையை இறுகச் செய்வர். உடல்நிலைக்கு ஏற்பத் தொலைவு என்பதே அங்குக் காணும் அடிப்படை விதி.

அபூதாவூதில் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) வழியாக வரும் மற்றொரு அறிவிப்பு, பந்தயத்தில் ஜலபும் ஜனபும் கூடாது என்கிறது. குதிரையின் பின்னே ஆட்களை நிறுத்தி, கூச்சலிட்டும் ஓசையெழுப்பியும் அதை விரட்டுவது ஜலப். பக்கத்தில் வேறொரு குதிரையைக் கொண்டுவந்து, ஏறியது களைத்ததும் மற்றதில் மாறிக்கொள்வது ஜனப். முதலாவது குதிரையின் ஆற்றலுக்கு மேல் அச்சத்தால் அதை ஓட்டுவது. இரண்டாவது ஆற்றலைப் பற்றிப் பொய்யுரைப்பது. இவ்விரண்டையும் நாம் சற்றுப் பின்னர் மீண்டும் சந்திப்போம்.

குதிரையின் அணிகலன்களும் நம் ஆலிம்களின் ஆய்வுக்குத் தப்பவில்லை. பிராணிகளின் கழுத்தில் வில்நாணைக் கட்டலாகாது என்ற நபிமொழிக்குக் கண்ணேறு பற்றிய மூடநம்பிக்கையை ஒழிப்பதே காரணம் என்று இமாம் மாலிக் (ரஹ்) கருதினார்கள். இமாம் அபூஹனீஃபாவின் மாணவர் முஹம்மது இப்னுல் ஹஸன் (ரஹ்) அவர்களோ, ஓடும்போது அது கழுத்தை இறுக்கிப் பிராணியைத் திணறச் செய்யும் என்பதைக் காரணமாகக் காட்டினார்கள். ஒரு கயிற்றின் இறுக்கத்தைக் குதிரையின் மூச்சோடு இணைத்துச் சிந்தித்த ஃபகீஹை இங்கே காண்கிறோம்.

மருத்துவரின் பொறுப்பைப் பற்றி ஹிஜ்ரி 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஷைஸரீ தம் ஹிஸ்பா நூலில் எழுதியிருப்பது மிகவும் கருதத்தக்கது. சந்தைகளையும் தொழில்களையும் கண்காணித்த முஹ்தஸிபுக்காக எழுதப்பட்ட அந்நூலில், பைத்தார் எனப்பட்ட கால்நடை மருத்துவர்களுக்குத் தனி அத்தியாயமே உண்டு. மனிதருக்கு மருத்துவம் செய்வதைவிடப் பிராணிகளுக்குச் செய்வது கடினம் என்கிறார் அவர். ஏனெனில் தாம் படும் நோயையும் வலியையும் எடுத்துரைக்க அவற்றுக்கு வாயில்லை. தொட்டும் பார்த்துமே மருத்துவர் அறியவேண்டும். ஆகவே மார்க்கப் பற்றினால் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் ஒருவரே இத்தொழிலுக்கு வரலாம் என்று அவர் வலியுறுத்துகிறார். சோதனை நிலையில் இன்று நிற்கும் மருத்துவரின் கையும் கண்ணும் செய்வது இதனைத்தான். அவரைக் கண்காணிக்கும் அதிகாரியும் அன்றே இருந்தார் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இத்துறையில் நூல்களும் குறைவில்லை. ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டில் இப்னு அகீ ஹிஸாம் குதிரையேற்றத்தையும் குதிரை மருத்துவத்தையும் இணைத்து எழுதினார். அஹ்மத் இப்னுல் அஹ்னஃபின் பைத்தரா நூலின் ஓவியங்கள் நிறைந்த படியொன்று 1209இல் பக்தாதில் எழுதப்பட்டு, கெய்ரோவில் பாதுகாக்கப்படுகிறது. சுல்தான் நாஸிர் முஹம்மது இப்னு கலாவூனின் லாயத்தைச் சேர்ந்த அபூபக்ர் இப்னுல் முன்திர் (மறைவு ஹி. 741/கி.பி. 1340) எழுதிய பெருநூலுக்கு ‘காமிலுஸ் ஸினாஅத்தைன்’ என்று பெயர், இரு கலைகளின் முழுமை என்பது அதன் பொருள். மருத்துவம் ஒரு கலை. குதிரையைப் பேணிப் பழக்குவது அதற்கு நிகரான மற்றொரு கலை. 1852க்கும் 1860க்கும் இடையே பெர்ரோன் என்பார் இதனைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து வெளியிட்டார்.

மஅபர் கரையில் மாண்ட குதிரைகள்

பேணும் அறிவு உடன் வராமல் குதிரை மட்டும் வந்தால் என்னவாகும் என்பதற்கு நம் கடற்கரையே சான்று. பாண்டியர் காலத்தில் ஹுர்முஸ், கீஷ், ஏடன் துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றிய கலங்கள் காயலுக்கு வந்தன என்று 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ எழுதியுள்ளார். ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் இப்பகுதித் துறைகளுக்கு ஏற்றுமதியாயின என்றும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தீனார் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் குறிப்பிடுகிறார். ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவை நெடுங்காலம் வாழவில்லை. வறுத்த வாற்கோதுமையும் நெய்யிட்டுச் சமைத்த தானியமும் காய்ச்சிய பாலும் அவற்றுக்குத் தீனியாயின. முறையான பயிற்சியும் இல்லை. குதிரை மருத்துவமும் லாடக்கலையும் அறிந்தோர் இங்கில்லை என்றும், வணிகர்கள் அத்தகையோரை இங்கு வரவிடவுமில்லை என்றும் மார்க்கோ போலோ கூறுகிறார். குதிரைகள் இறந்தால்தானே ஆண்டுதோறும் புதியவற்றை விற்கலாம்!

அவ்வணிகத்தில் நம் முன்னோர் பெற்ற செல்வத்தையும் செல்வாக்கையும் நாம் பெருமையுடன் பேசுகிறோம். குதிரைவீரரைக் குறிக்கும் இராவுத்தர் என்னும் சொல் இன்றும் நம்மிடையே வாழ்கிறது. அப்பயணியின் கூற்று முழுவதும் சரியாயின், அந்தப் பெருமையின் கணக்கில் மாண்ட குதிரைகளையும் சேர்த்தே எழுதவேண்டும். இலாபம் குதிரையின் நலத்துக்கு எதிராகத் திரும்பும்போது, அறிந்தவர் வாய்மூடுவதும் அறிவைத் தடுப்பதும் நிகழ்கின்றன.

வளைகுடாவில் வந்த சோதனை

எண்டியூரன்ஸ் ஓட்டம் அரபுக் குதிரையின் பிறப்பிடத்துக்குத் திரும்பியபோது பெரும் உற்சாகத்துடன் வரவேற்கப்பட்டது. 1998இல் ஐக்கிய அரபு அமீரகம் உலகப் போட்டியையே நடத்தியது. அங்கே மலைப்பாதைகள் இல்லை, சமமான மணற்பாதைகள் வேகத்துக்கு வழிவகுத்தன, பரிசுகளும் பெருகின. குதிரைகளுக்கு ஏற்பட்ட எலும்பு முறிவுகளும் இறப்புகளும் ஊக்கமருந்து வழக்குகளும் உலகின் கவனத்தை ஈர்த்தன. ஓடும் குதிரைகளின் பக்கவாட்டில் ஊர்திகளில் விரைந்து, ஒலியெழுப்பி அவற்றை விரட்டும் வழக்கமும் கண்டனத்துக்குள்ளானது. 2015இன் தொடக்கத்தில் இரு முன்னங்கால்களும் முறிந்து வீழ்ந்த ஒரு குதிரையின் படம் உலகெங்கும் பரவியது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு, குதிரை நலனையும் விதிமீறல்களையும் காரணங்காட்டி அமீரகக் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது. ஜூலையில்தான் அது விலக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டின் உலகப் போட்டியும் துபாயிலிருந்து ஸ்லோவாக்கியாவுக்கு மாற்றப்பட்டது. ஒரு குதிரையின் பெயரில் வேறொன்றை ஓடவிட்ட வழக்குகளும் விசாரணைக்கு வந்தன.

முஸ்லிம்கள்மீது குறைகூற வாய்ப்புத் தேடுவோர் இவற்றைப் பெரிதாக்குகின்றனர் என்று கூறி நாம் நகர்ந்துவிடலாம். ஆனால் அது உண்மைக்கு மாறான வழி. ஊர்தியின் ஒலியால் குதிரையை விரட்டுவது ஜலப் அன்றி வேறென்ன? ஒரு குதிரைக்குப் பதில் மற்றொன்றைக் காட்டுவது ஜனபின் உறவினன் அன்றோ? பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் தடுக்கப்பட்டவற்றை இன்று சுவிட்சர்லாந்தில் அமர்ந்திருக்கும் ஓர் அமைப்பு நமக்கு நினைவூட்ட நேர்ந்தது என்பதே நம்மை நாணச்செய்ய வேண்டியது.

அதே மண்ணிலிருந்து எழுந்த விடையையும் இங்கே கூறுவது நீதி. அபுதாபியின் பூதீப் எண்டியூரன்ஸ் கிராமத்தில், 2019இல் மறைந்த ஷெய்க் சுல்தான் பின் ஸாயித் அவர்களின் ஆதரவில் புதிய ஒழுங்குகள் கொண்டுவரப்பட்டன. வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டலாகாது. இதயத்துடிப்பு 64 அன்று, 56க்குக் குறையவேண்டும். வேகத்துக்கு வரம்பிட்டபின் குதிரையைப் பேணுபவருக்கே பரிசு என்றாயிற்று. பன்னாட்டு விதியைவிடக் கடுமையான விதியை ஓர் அரபு மண் தானே தனக்கு வகுத்துக்கொண்டது. ஹஃப்யாவிலும் ஸனிய்யாவிலும் உடல்நிலைக்கேற்பத் தொலைவை வரையறுத்த மரபின் தொடர்ச்சியாகவே நாம் இதனைக் காண்கிறோம்.

ஏறிச் செல்பவரே தம் குதிரைக்கு நீதிபதியாக இருக்க இயலாது என்பதே இந்த வரலாறு முழுவதிலும் நாம் காணும் உண்மை. வெற்றியில் நாட்டமுள்ள கண் நொண்டலைக் காணாது. இலாபத்தில் நாட்டமுள்ள கை புண்ணைத் தடவாது. ஆகவேதான் ஷைஸரீ மருத்துவரையும், அவருக்கு மேல் முஹ்தஸிபையும் நிறுத்தினார். ஹிதாயாவின் ஆசிரியர் கடிவாளத்தை இழுத்த கையிடம் கணக்குக் கேட்டார். வாயில்லாப் பிராணி சாட்சி சொல்லும் இடமே சோதனை நிலை. அந்தச் சாட்சியைக் கேட்பதற்குச் சேணம் இறங்கியிருக்க வேண்டும். கயிறு தளர்ந்திருக்க வேண்டும். கேட்பவர் அச்சமற்றவராக இருக்க வேண்டும்.

இவ்வாண்டு இஜாராப் பாடம் வந்தபோது நாம் அதை விரைந்து கடக்கவில்லை. கழுதைச் சேணத்தின் சட்டத்தை ஓதி முடித்ததும், அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பையும் சோதனை நிலையில் தளர்த்தப்படும் கயிற்றையும் மாணவர்களிடம் எடுத்துக் கூறினோம். அன்று கேள்வி எழுப்பிய மாணவருக்கு நாம் பட்டிருந்த கடன் இப்போதுதான் தீர்ந்தது. ஆட்டோவில் அளவுக்கு மீறிப் பிள்ளைகளை ஏற்றுவதும் இதில் அடங்குமா என்று ஒரு மாணவர் கேட்டார். அடங்கும் என்றோம்.